கால்வாய்க் கரையில் ராணி கலர் துண்டு

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குத் தெருவோரம் காத்து நிற்கத் தெரியும். எங்கள் வீடு ராஜ வீதியை ஒட்டியது. பங்குனி உற்சவம் வந்துவிட்டால் சாமி எங்கே வருகிறது என்பதுதான் தெரு முழுக்கப் பேச்சு. "மண்டபம் தாண்டிச்சா?" "இன்னும் இல்லமா, பூக்கடையாண்ட நிக்குது" என்று சைக்கிளில் போகிறவர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள். அதைக் கேட்டுத்தான் அடுப்பை அணைப்பதா, இன்னொரு பொரியல் வைக்க நேரம் இருக்கிறதா என்று முடிவு செய்வோம்.

சில காலமாக எங்கள் தெருவில் இன்னொன்றையும் விசாரிக்கிறார்கள். "டீச்சர், கப்பல் எங்க வந்துக்கினு இருக்குது?"

கப்பலில் இருப்பது எங்கள் ஒரே மகள் அபி. கப்பல் படிப்பு முடித்துவிட்டு கேடட்டாக இருக்கிறாள். அதிகாரி ஆவதற்கு முன் கடலில் பயிற்சி எடுப்பவர்களை அப்படிச் சொல்கிறார்கள். நான் பெண்கள் பள்ளியில் சரித்திர ஆசிரியை. என் கணவர் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் கடல் என்றால் மகாபலிபுரத்தில் கால் நனைத்துவிட்டு வருவதுதான்.

சூயஸ் கால்வாயை நான் பத்து நிமிடத்தில் நடத்தி முடிப்பவள். கரும்பலகையில் இரண்டு கடல், நடுவில் ஒரு கோடு. 'இதனால் ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே தூரம் குறைந்தது.' இரண்டு மதிப்பெண். அந்தக் கோட்டுக்குக் கீழே நீளமாக ஒரு செங்கடல் இருப்பதும், அதன் கீழ்வாசல் ஒரு சின்ன இடுக்கு என்பதும், கரையில் இருப்பவர்கள் அங்கே கப்பலைக் குறிவைத்து அடிக்க முடியும் என்பதும் அபி வேலைக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவளுடைய முதல் பயணத்திலேயே அது நடந்தது. அவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த கப்பல் அடிபட்டது. இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவியை அணைத்துவிட்டு அபியின் கப்பல் ஓடியது. கப்பல் எங்கே போகிறது என்று என் போனில் காட்டும் பச்சைப் புள்ளி மறைந்து, திரும்பி வரச் சில நாட்கள் ஆயின. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. வகுப்பில் 'செங்கடல்' என்று எழுதப் போனால் சாக்பீஸ் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த வரியை அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள்.

அன்றிலிருந்து கண்டம் விட்டுக் கண்டம் சரக்குப் போகும் பாதைகளைப் பற்றி எது வந்தாலும் படிக்கிறேன். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை. வளைகுடா வழியாகக் கப்பலும் ரயிலுமாக ஐரோப்பாவுக்குப் போகப் போட்டிருக்கும் திட்டம். ஈரான் வழியாக ருஷ்யாவுக்குப் போவது. வடதுருவத்தில் பனி உருகித் திறந்துகொண்டிருப்பது. எந்தக் கம்பெனி செங்கடலுக்குத் திரும்புகிறது, எது இன்னும் சுற்றியே போகிறது, காப்பீட்டுக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எல்லாம் காலைக் காப்பிக்கு முன்னாலேயே தெரிந்தாக வேண்டும். முதலில் பயத்தில்தான் படித்தேன். போகப்போக அது ஒரு ருசியாகவும் ஆகிவிட்டது.

"எல்லார் வீட்லயும் சீரியல் ஓடுது. நம்ம வீட்ல சூயஸு ஓடிக்கினு இருக்குது" என்பார் என் கணவர்.

இந்த முறை அபியின் கப்பல் கருங்கடல் துறைமுகம் ஒன்றில் உரம் ஏற்றிக்கொண்டு காக்கிநாடாவுக்குக் கிளம்பியது. திருப்புட்குழியில் விவசாயம் பார்க்கும் என் தம்பிக்கு இது தெரிந்ததும் போன் செய்தான். "அக்கா, உரக் கப்பலாமே? இங்க சொசைட்டில கேட்டா இல்லன்றான். அபிய ரெண்டு மூட்டை தனியா எடுத்து வெக்கச் சொல்லு."

சின்னக் கப்பல். சுற்றிப் போனால் கட்டாது, செங்கடல் வழிதான் என்று முதலாளிகள் முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் ஆபத்தான கடலுக்குள் போகும் முன் கேப்டன் ஒவ்வொருவரையும் கேட்க வேண்டுமாம். வரமாட்டேன் என்று சொல்பவரைக் கால்வாய் வாசலில், போர்ட் சயீதில், இறக்கி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அது மாலுமிகளுக்கு உள்ள உரிமை. துறைமுகத்திலிருந்து பேசும்போது அபியே சொன்னாள்.

"நீ என்னா சொல்லப்போற?"

"யோசிச்சுக்கினு இருக்கேம்மா."

"இதுல யோசிக்க என்னா இருக்குது?"

"அதத்தாம்மா யோசிச்சுக்கினு இருக்கேன்."

பட்டறையிலிருந்து வந்து கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் அவர். "போன்ல பேசி ஆவாதுமா. போய் நிப்போம். எறங்கினா கூட்டிக்கினு வந்துடலாம். எறங்கலன்னா கண்ணால பாத்துட்டாவது வரலாம்" என்றார்.

நான் போனது பார்ப்பதற்கு இல்லை. கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன்.

நாங்கள் வருகிறோம் என்றதும் அபி சிரித்தாள். "எல்லாருக்கும் ஒரே ஆரஞ்சு சட்டை, ஹெல்மெட்டுப்பா. நீங்க என்ன கண்டுபிடிக்க முடியாது. நான்தான் உங்கள கண்டுபிடிக்கணும்." அதை அவர் தொழில் விஷயமாக எடுத்துக்கொண்டார். "கடலு நீலம். மணலு மஞ்சள். கப்பலு செவப்பு, கருப்பு. ஆளுங்க ஆரஞ்சு. மிச்சம் இருக்கறது ராணி கலருதான்" என்று பட்டறையில் ஒரு துண்டு வெள்ளைப் பட்டை எடுத்து, கண் கூசுகிற ரோஜா நிறத்தில் தோய்த்து எடுத்தார். கிளம்புகிற அவசரத்தில் கையுறை போடவில்லை. முழங்கை வரைக்கும் ராணி கலரோடுதான் என் கணவர் வெளிநாடு போனார்.

கெய்ரோவில் இறங்கிய அன்றே போர்ட் சயீதுக்குப் புறப்பட்டோம். அங்கே வேன்கள் ஆள் நிரம்பாமல் கிளம்புவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஷேர் ஆட்டோவில் ஏறியவர்களுக்கு அதில் புதுசாக ஒன்றும் இல்லை. 'கிளம்பிவிட்டோம், கிளம்பிவிட்டோம்' என்று கத்திக்கொண்டே கிளம்பாமல் நிற்பதும் அப்படியேதான். டிரைவர் பெயர் மஹ்மூத். எங்கள் வயசுதான் இருக்கும். குவைத்தில் தமிழ் ஆட்களோடு வேலை பார்த்தவராம். எங்களைக் கண்டதும் தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னார்: "வாடா! போடா! சாப்பாடு ஆச்சா?"

"முக்கியமானத எல்லாம் கத்துக்கினு வந்துட்டாரு" என்றார் என் கணவர்.

மற்றதெல்லாம் மஹ்மூதின் ஓட்டை ஆங்கிலமும் என்னுடைய வகுப்பறை ஆங்கிலமும். பாதி வழியில் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிச் சாலையோரம் நின்றோம். ஒரு அம்மா பையிலிருந்து கமலா ஆரஞ்சு எடுத்து எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்தாள். என் கணவருக்குக் கொடுக்கும்போது கையைப் பார்த்துவிட்டாள். மஹ்மூதிடம் என்னவோ கேட்டாள். வேனே சிரித்தது.

"மருதாணியா என்று கேட்கிறாள். இந்த வயதில் இவருக்குக் கல்யாணமா, பக்கத்தில் நிற்கிற அம்மா சம்மதித்துவிட்டாளா என்கிறாள்" என்றார் மஹ்மூத்.

"சம்மதிச்சிட்டேன்னு சொல்லுங்க" என்றேன். வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஊருக்குள் நுழையும் இடத்தில் சோதனைச் சாவடி. பைகளை இறக்கச் சொன்னார்கள். அபிக்கென்று எடுத்துவந்த இட்லிப் பொடி பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. இளம் காவலர் ஒருவர் மூடியைத் திறந்து, மூக்கை உள்ளே விடாத குறையாக முகர்ந்தார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஆகிவிட்டது. அவர் தும்மிய தும்மலில் பக்கத்து வேனில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். கண்ணில் நீர் வழிய, டப்பாவை மூடி, இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் சாப்பாட்டிலிருந்து தொடங்கினோம். மொச்சை மாதிரி ஒரு பயறைக் குழைய வேகவைத்து, எண்ணெயும் சீரகமும் எலுமிச்சையும் விட்டுக் கிண்ணத்தில் தருகிறார்கள். கூடவே தவிடு ஒட்டிய ரொட்டி. அதே பயறை ஊறவைத்து அரைத்து, கொத்தமல்லி போட்டு எண்ணெயில் பொரிப்பது இன்னொன்று. பிய்த்தால் உள்ளே பச்சைப்பசேல் என்று இருக்கிறது. "இது வடைமா. நம்மாளு யாரோ சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கான்" என்று இவர் தீர்ப்புச் சொன்னார். மதியம் சாப்பிட்ட கொஷரியில் அரிசி, மக்ரோனி, பருப்பு, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மீந்தத எல்லாம் ஒண்ணாக் கொட்டிக் கௌறிக்கினு வந்துட்டான்" என்றவர், இரண்டாவது தட்டு வாங்கிக்கொண்டார்.

மஹ்மூதின் வீடு கால்வாய்க்கு அந்தப் பக்கம், போர்ட் ஃபுவாதில். அன்று அவருக்கு வேலை இல்லை. டீ குடிக்க வாருங்கள் என்று வந்து அழைத்தார். தோணித்துறைக்குப் போய்ப் பெரிய தட்டையான படகில் ஏறினோம். கட்டணம் கிடையாது. கார், ஸ்கூட்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறிக் கூடை எல்லாம் ஏறுகிறது. படகு நகர்ந்ததும் வெள்ளைக் கடற்பறவைகள் கூட்டமாகத் தொடர்ந்தன. பிள்ளைகள் ரொட்டியைப் பிய்த்து வீச, பறவைகள் காற்றிலேயே கவ்வின. எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் சூடாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன என்று மஹ்மூதைக் கேட்டேன்.

"மருமகள் சோற்றைக் குழைத்துவிடுகிறாளாம். மகன் வாயைத் திறக்காமல் சாப்பிடுகிறானாம்."

"அப்ப இது நம்மூரு டவுன் பஸ்ஸுதான்" என்றார் இவர்.

பேச்சு முடிவதற்குள் கரை வந்துவிட்டது. "இது ஆசியா. நான் தினமும் ஆசியாவில் தூங்கி, ஆப்பிரிக்காவில் வேலை பார்க்கிறேன்" என்றார் மஹ்மூத். நான் நின்று திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருடமாகக் கரும்பலகையில் கோடாகப் போட்டது இதைத்தான். எங்கள் சர்வதீர்த்தக் குளத்தை இரண்டு மூன்று சேர்த்து வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு அகலம். உலகத்துச் சண்டை, விலைவாசி, காப்பீடு, என் தூக்கம் எல்லாவற்றையும் இந்தத் தண்ணீர்தான் வைத்திருக்கிறது. அதன் மேல் ஒரு பையன் வாத்து பொம்மை மிதக்கவிட்டுக்கொண்டிருந்தான்.

கப்பல் எப்படி வரும் என்று அப்போதுதான் பார்த்தேன். தெருமுனையில் இருந்த ஒரு வெள்ளைக் கட்டடம் மெல்ல நகர்ந்தது. வீட்டுக் கூரைகளுக்கு மேலே தேர் தலை தெரிகிற மாதிரி முதலில் உச்சி, பிறகு உடம்பு. சத்தமே இல்லை. டீக்கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மாலை துறைமுக வாசலுக்குப் போய் அபியின் கப்பலைக் கவனிக்கும் ஏஜென்ட்டைக் கண்டோம். கண்ணாடி டம்ளரில் டீ குடித்துக்கொண்டே நிதானமாகப் பேசினார். கப்பல் வெளியே நங்கூரத்தில் நிற்கிறது. நாளை காலை வரிசையில் கால்வாய்க்குள் நுழையும். யாராவது இறங்குவதாக இருந்தால் படகில் இந்த வாசலுக்கு வருவார்கள். யார் இறங்குகிறார்கள் என்பதை அவர் சொல்லக்கூடாது. பொடியையும் ஏற்ற முடியாது.

"நான் அவள் அம்மா" என்றேன்.

"அது தெரிகிறது அம்மா" என்றார் அவர்.

அபியிடமும் கேட்க முடியவில்லை. பாதுகாப்புக்காகக் கப்பலின் இணையத்தைக் கேப்டன் நிறுத்திவைத்திருந்தார். போனில் அவளுடைய கப்பலைத் தேடினால், பக்கத்து நாட்டு விமான நிலையத்தின் ஓடுபாதையில் நிற்பதாகக் காட்டியது. அந்தக் கடலில் யாரோ சிக்னலைக் குழப்பிவிடுகிறார்களாம். இதை முதல் தடவை பார்த்தபோது ஆசிரியர் அறையில் கத்திவிட்டேன். இப்போது பழகிவிட்டது. பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

விடுதி அறையில் ரொட்டியைப் பிய்த்துப் பொடியில் தொட்டுச் சாப்பிட்டோம். சாப்பிட்ட கையோடு அபிக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். 'இறங்கிடு கண்ணு. அப்பாவும் நானும் கரையிலதான் இருக்கோம். உன்ன யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.' ஒற்றை டிக்கோடு நின்றது.

"என்னா அனுப்பின?" என்றார். காட்டினேன். படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏங்க, நீங்களும் அதானே நெனைக்கறீங்க?"

"நான் என்னா நெனைக்கறேன்னு எனக்கே தெரியலமா. அவ எறங்கி வந்தா சந்தோசமா இருக்கும். வந்து நம்ம பட்டறையில மூஞ்சத் தூக்கிக்கினு உக்காந்தா?" என்றார். சாயம் போகாத கையை ரொட்டித் துணியில் துடைத்தார். துணிதான் கொஞ்சம் சிவந்தது.

விடியும்போதே கால்வாய்க் கரை நடைபாதையில் நின்றோம். நல்ல குளிர். நான் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தியிருந்தேன். எங்களுக்காக மஹ்மூதும் வந்து, பிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தார். தூண்டில்காரர்கள் இரண்டொருவர். காலையில் ஓடுகிற பையன்கள். கப்பல்கள் கடலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வரத் தொடங்கின.

இவர் ஒரு கணக்குப் போட்டிருந்தார். "சின்னது முன்னாடி, பெரிசு பின்னாடி. புள்ளையாரு, முருகரு போனப்பறம்தான சாமி வரும்? அபி கப்பலு சின்னது. மொதல்ல வந்துடும் பாரு." எங்கள் ஊரில் பஞ்சமூர்த்தி புறப்பாடு அப்படித்தான். எனக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அதனால் முதல் கப்பல் வரும்போதே ராணி கலர் பட்டை விரித்துத் தலைக்கு மேல் ஆட்ட ஆரம்பித்துவிட்டார்.

அது அபியின் கப்பல் இல்லை. ஆனாலும் மேலே நின்ற மாலுமிகள் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்கள். அடுத்ததற்கும் ஆட்டினார். அதிலிருந்து ஒருவர் விசிலடித்தார். மூன்றாவதில் சமையல்காரர் மாதிரி ஒருவர் வெளியே வந்து தன் வெள்ளை ஏப்ரனை அவிழ்த்துத் திருப்பி ஆட்டினார். தூண்டில்காரர்கள் மீனை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார்கள். நான் ஒவ்வொரு கப்பலின் முகப்பிலும் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். எண்ணெய்க் கப்பல், கார்கள் ஏற்றும் பெட்டி மாதிரி ஒரு கப்பல், காற்றாலை இறக்கைகளைப் படுக்கவைத்துக்கொண்டு ஒன்று. எது எங்கே போகிறது என்று மஹ்மூதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பயத்துக்கு நடுவிலும் எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது. அபியின் கப்பல் மட்டும் வரவில்லை.

பிறகு வரிசையும் நின்றுவிட்டது. தண்ணீர் சும்மா கிடந்தது. தோணிகள் மறுபடி குறுக்கே ஓடத் தொடங்கின.

"இருட்டோட இருட்டா மொதல்லயே போயிட்டிருக்குமோ?" என்றார் இவர். துண்டை மடிக்கத் தொடங்கினார்.

எனக்கு வேறு ஒன்று தோன்றியது. இறங்கியிருப்பாள். அதனால்தான் கப்பலுக்குத் தாமதம். படகு வாசலுக்கு வந்திருக்கும், பெட்டியோடு நின்றுகொண்டிருப்பாள். சொல்லாமலே ஓடினேன். காஞ்சிபுரத்தில் தெருவில் ஓடினால், டீச்சர் ஓடறாங்க என்று நாலு பேர் பின்னால் ஓடிவருவார்கள். அங்கே யாரும் கேட்கவில்லை. இவரும் மஹ்மூதும்தான் பின்னால் வந்தார்கள்.

படகு வந்துதான் இருந்தது. பெட்டியோடு இரண்டு பேர் இறங்கினார்கள். இரண்டு பேரும் ஆண்கள். ஒருவர் தரையில் கால் வைத்ததும் வீட்டுக்குப் போன் போட்டு அழுதார். என்ன மொழி என்று தெரியவில்லை. எந்தக் கப்பல் என்று மஹ்மூத் கேட்டுச் சொன்னார். அபியினுடையதுதான்.

"பொண்ணு யாராவது?" என்றேன்.

மஹ்மூத் கேட்டார். அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சேலையைப் பார்த்திருப்பார். இல்லை என்று தலையை ஆட்டினார். கையைக் கடல் பக்கம் காட்டினார்.

வரமாட்டேன் என்று சொன்னவர்கள் வந்துவிட்டார்கள். அவள் அதில் இல்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் என் தோளைத் தொட்டார். அப்போதுதான் அந்த ஆள் கை காட்டிய திசை எனக்கு உறைத்தது. போய்விட்ட கப்பலை யாரும் அப்படிக் காட்டமாட்டார்கள்.

எங்கள் தெருவில் அம்பாள் தாண்டியதும் தட்டை எடுத்துக்கொண்டு எல்லோரும் உள்ளே போய்விடுவோம். சாதம் ஆறிவிடும் என்கிற அவசரம். கூட்டம் கலைந்து, பலூன்காரன்கூடப் போன பிறகு, நாலு பேர் தூக்கிக்கொண்டு தனியாகச் சின்னதாக ஒன்று வரும்.

"ஏங்க, சண்டிகேஸ்வரர் இன்னும் வரலியே" என்றேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு மூவரும் வந்த வழியே திரும்பி ஓடினோம். எதற்கு என்று தெரியாமலே மஹ்மூத் பிளாஸ்கோடு ஓடிவந்தார்.

நடைபாதையில் இப்போது யாரும் இல்லை. வெயில் ஏறியிருந்தது. கடல் பக்கமிருந்து பச்சையும் துருவுமாக ஒரு சின்னக் கப்பல் வந்துகொண்டிருந்தது. முகப்பில் பெயரைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வருடமாகப் போனில் அந்தக் கப்பலின் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இவர் துண்டை உதறி ஆட்டினார். கப்பலின் முன்முனையில், நங்கூரச் சங்கிலிக்குப் பக்கத்தில் நாலைந்து ஆரஞ்சு உருவங்கள். எல்லாம் ஒன்று போலவே. அதில் ஒன்று சட்டென்று நிமிர்ந்தது. கம்பிக்கு ஓடிவந்தது. ஹெல்மெட்டைக் கழற்றக்கூடாது போலிருக்கிறது, கழற்றவில்லை. இரண்டு கையையும் உயர்த்தியது. பக்கத்தில் நின்றவரிடம் எங்களைக் காட்டியது.

நான் கையை எடுத்தேன். இறங்கு, வந்துவிடு என்று காட்டத்தான் எடுத்தேன்.

அதற்குள் அவள் ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோனாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு உள்ளங்கையை விரித்துக் கேட்டாள்.

"சாப்பாடு ஆச்சா!" என்று கத்தினார் மஹ்மூத். அவருக்குத் தாங்க முடியவில்லை. "சாப்பாடு ஆச்சா என்று கேட்கிறாள்!"

காலையிலிருந்து எங்கள் வயிற்றில் டீயைத் தவிர ஒன்றும் இல்லை. நான் வயிற்றைத் தட்டிக் காட்டினேன். ஆச்சு, நல்லா ஆச்சு. இவர் துண்டை ஆட்டிக்கொண்டே, "சாப்ட்டோம்டா! வடை சாப்ட்டோம்!" என்று காஞ்சிபுரத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அவளுக்குக் கேட்டதா தெரியாது. யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். திரும்பிச் சங்கிலிக்குப் போனாள். அங்கே குனிந்து எதையோ முடுக்கினாள். கப்பல் எங்களைத் தாண்டி, தெற்கே திரும்பி, கட்டடங்களுக்குப் பின்னால் போனது. கடைசியில் உச்சி மட்டும் தெரிந்தது.

துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இவர் சொன்னார்: "பாத்தியா, நம்மள விசாரிச்ச கையாலயே வேலையும் செஞ்சா."

ஊருக்குத் திரும்பிய இரண்டாம் நாள் பச்சைப் புள்ளி மறைந்தது. செங்கடலின் கீழ்வாசல் வந்துவிட்டது என்று அர்த்தம். தெருவில் கேட்டவர்களுக்கு, "அணைச்சு வெச்சிருக்காங்க" என்றேன். பூக்காரம்மா ஒன்றும் கேட்காமல் இரண்டு முழம் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போனாள். பள்ளிக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்பில் கால்வாய் வந்தது. இந்த முறை அது பத்து நிமிடத்தில் முடியவில்லை. படகில் ரொட்டிக்குப் பறக்கும் பறவைகள், கண்டம் விட்டுக் கண்டம் போய் டீ குடித்தது, தேர் மாதிரி கப்பல் வந்தது எல்லாம் சொன்னேன். 'செங்கடல்' என்று எழுதும்போது சாக்பீஸ் நின்றது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். பிறகு நானே எழுதி முடித்தேன்.

அபிக்கு இன்னொரு மெசேஜ் போட்டேன். 'சாப்ட்டியா?' அதுவும் ஒற்றை டிக்கோடு, பழைய மெசேஜுக்குக் கீழே போய் உட்கார்ந்தது. ராணி கலர் துண்டு பட்டறைக் கொடியில் நூல் கற்றைகளுக்கு நடுவே தொங்கியது. யாரோ நல்ல விலைக்குக் கேட்டார்களாம். இவர் தரவில்லை.

புள்ளி ஏமனுக்கு இந்தப் பக்கம், திறந்த கடலில் எழுந்தது ஒரு பகல் நேரத்தில். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் போன் மேஜையில் அதிர்ந்தது. இரண்டு மெசேஜுக்கும் இரட்டை டிக். முதலில் கீழே இருந்ததற்குப் பதில் வந்தது.

'சாப்ட்டேம்மா. கேவலமான சாம்பார்.'

பிறகு மேலே இருந்ததற்கு. 'இறங்கிடு கண்ணு' என்று போர்ட் சயீதில் நான் போட்டதற்கு. வெகு நேரம் எழுதுகிறாள், நிறுத்துகிறாள், எழுதுகிறாள் என்று காட்டிக்கொண்டே இருந்தது. பட்டறைக்கு ஓடிப் போய் இவரையும் கூட்டிவந்துவிட்டேன். இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

'இறங்கறேம்மா. காக்கிநாடால. பொடி எடுத்துக்கினு வா.'